முதுகுல ஊசியும் ரெண்டாம் வகுப்பு ஏ.சி. டிக்கெட்டும்

"ஊருக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்."

இந்த ஒரு வாக்கியத்தோட எனக்கு இருக்கற சண்டை இன்னிக்கு நேத்து வந்ததில்லை. வடக்க வந்து வருஷக்கணக்கா குப்பை கொட்டற நம்ம குடும்பங்கள்ல யாருக்காவது உடம்புக்கு முடியலைன்னா, தெர்மாமீட்டரைத் தேடறதுக்கு முன்னாடி ரயில்வே டைம்டேபிளைத் தேடுவோம். முழங்கால் வலியா, கண்புரையா, தாராளமா ஊருக்குப் போங்க. பாஷை தெரிஞ்ச டாக்டர், பக்கத்துல அம்மா, ரசம் சாதம், எல்லாம் நியாயம்தான். நானே பல் பிடுங்கறதைக்கூட லீவுல ஊருக்குப் போறப்பதான் வச்சுக்குவேன் :-)

ஆனா சில வியாதிகளுக்கு அந்த டிக்கெட் மரண சாசனம். அதுல முதல் வரிசையில நிக்கறது பாக்டீரியாவால வர்ற மூளை உறைக் காய்ச்சல், அதாவது மெனிஞ்சைட்டிஸ். ஜெய்ப்பூர்லேர்ந்து சென்னைக்கு ரயில்ல ஏறக்குறைய ஒன்றரை நாள். இந்த வியாதிக்கு ஆஸ்பத்திரி வாசல்ல கால் வச்சதுலேர்ந்து முதல் மருந்து ஏற ஒரு மணி நேரம்தான் கெடுன்னு 2016-ல வந்த ஐரோப்பிய வழிகாட்டி சொல்லுது. எங்க பேங்க்ல கடன் வாராக் கடனா ஆகறதுக்கே 90 நாள் தவணை உண்டு. இங்க தொண்ணூறு நிமிஷமே தாராளம்.

நான் டாக்டர் இல்லை. பி.காம். எனக்குத் தெரிஞ்சதெல்லாம் ஒரு குடும்பத்தோட ஆஸ்பத்திரியில நின்ன அந்த ஒரு ராத்திரியும், அதுக்கப்புறம் வெறி பிடிச்ச மாதிரி படிச்சதும்தான். ரெண்டையும் சேர்த்து, நம்மாளுங்க மேலயும் ஆஸ்பத்திரிங்க மேலயும் எனக்கு இருக்கற கோபத்தை இங்க கொட்டிடறேன்.

அந்தக் குடும்பத்தோட அடையாளம் வேணாம். எங்க பேட்டைக்காரங்க, மதுரைப் பக்கம். அவருக்கு ஐம்பதைத் தாண்டின வயசு. பல வருஷமா ஒரு காதுல அப்பப்போ சீழ் வரும், பஞ்சு வச்சுக்குவார், யாரும் பெருசா எடுத்துக்கலை. ஒரு நாள் காய்ச்சல், தலைவலி. தெருமுனை மருந்துக் கடையில சொன்னாங்க, மூணு நாளைக்கு ஆன்டிபயாடிக் மாத்திரை கொடுத்துட்டாங்க. ரெண்டாம் நாள் ராத்திரி பதினோரு மணிக்கு அந்தம்மா எனக்கு போன் பண்றாங்க. "அண்ணே, இவுக சம்பந்தமில்லாம பேசுறாக. என்னைப் பார்த்து யாருங்கிறாக."

நல்லவேளை, அவங்க பையன் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுட்டான். (108 ராஜஸ்தான்லயும் உண்டு, ஊர்ல மட்டும்தான்னு இன்னமும் நினைக்கறவங்க இருக்காங்க.) ஒரு தனியார் ஆஸ்பத்திரி. ட்யூட்டியில இருந்தது ஒரு சின்னப் பையன், பீகார்க்காரர், முப்பது வயசுகூட இருக்காது. பார்த்த அஞ்சாவது நிமிஷம் ரத்தம் எடுத்தார். கழுத்தை மடக்கப் பார்த்தார், வளையலை. முதுகுல ஊசி போட்டு நீர் எடுக்கணும், கையெழுத்துப் போடுங்கன்னார்.

அங்க ஆரம்பிச்சுது நம்ம கூத்து. ஊர்லேர்ந்து அவரோட அண்ணன் போன்ல. "சார், நீங்க பேங்க்ல பெரிய ஆபீஸர், நாலும் தெரிஞ்சவுக. நீங்களே இதுக்கு விடலாமா? முதுகுல குத்துனா இடுப்புக்குக் கீழ விளங்காமப் போயிரும் சார். விடிஞ்சதும் பிளைட்ல ஏத்தி விடுங்க, மிச்சத்தை நாங்க பாத்துக்கிறோம்." அந்தம்மா அழறாங்க. பையன் என் மூஞ்சியைப் பாக்கறான். கீழ கவுண்ட்டர்ல இன்னொருத்தர் ஐம்பதாயிரம் முன்பணம் கட்டினாத்தான் ஐ.சி.யூ. பைல் திறப்பேங்கறார்.

அந்த பீகார் டாக்டர் ஒரு காரியம் பண்ணினார். எங்க வாக்குவாதம் முடியற வரைக்கும் காத்திருக்கலை. டெக்ஸாமெதசோன், செப்ட்ரியாக்ஸோன், வாங்கோமைசின், இந்த மூணையும் எமர்ஜென்சி அலமாரியிலேர்ந்தே எடுத்து ஏத்த ஆரம்பிச்சுட்டார். பில் அப்புறம் போட்டுக்கலாம்னு நர்ஸ்கிட்ட சொன்னது என் காதுல விழுந்துச்சு. கையெழுத்து விழுந்தது நாலு மணி நேரம் கழிச்சு. முதுகுலேர்ந்து வந்த நீர் அரிசி களைஞ்ச தண்ணி மாதிரி கலங்கி இருந்துச்சு. ஆரோக்கியமான ஆளுக்கு அது பளிங்கு மாதிரி இருக்கணுமாம். கிருமி நிமோகாக்கஸ்னு லேப் சொல்லிச்சு. அவர் பிழைச்சுட்டார். வலது காது போச்சு.

இப்ப முதுகு ஊசிக்கு வர்றேன், ஏன்னா என் கோபத்துல பாதி இங்கதான்.

இந்தச் சோதனையை ஹைன்ரிஹ் க்விங்க்கேங்கற ஜெர்மன் டாக்டர் 1891-ல வெளியிட்டார். நூத்தி முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. பெரியவங்களுக்குத் தண்டுவடம் இடுப்புக்கு மேலயே, முதலாவது ரெண்டாவது இடுப்பு முள்ளெலும்புக்குப் பக்கத்துலயே முடிஞ்சுடுது. ஊசி போடறது அதுக்குக் கீழ, மூணு-நாலு இல்லைன்னா நாலு-அஞ்சு எலும்புக்கு நடுவுல. அங்க தண்டுவடமே கிடையாது, தண்ணியில மிதக்கற நரம்பு இழைங்கதான். ஊசி பட்டா அதுங்க பெரும்பாலும் விலகிக் கொடுத்துடும். சிலருக்கு ரெண்டு மூணு நாள் தலைவலி வரும், முதுகு வலிக்கும். ரத்தம் உறையாத கோளாறு இருந்தாலோ, மூளையில அழுத்தம் ஏறியிருக்கற அறிகுறி இருந்தாலோ டாக்டரே நிறுத்தி வைப்பார். பிரசவத்துக்கு முதுகுல மயக்க ஊசி போட்டுக்கிட்ட நம்ம வீட்டுப் பொண்ணுங்க எத்தனை பேர்! அப்பல்லாம் விளங்கின இடுப்பு இப்ப மட்டும் ஏன் விளங்காமப் போகுது?

அப்புறம் ஏன் இந்தப் பேச்சு ஊரெல்லாம் சுத்துது? மூளைக்காய்ச்சல் முத்தினவங்களுக்குத்தான் இந்த ஊசி போடறாங்க. அதுல சிலருக்குப் பக்கவாதம் வருது, சிலர் செத்தும் போறாங்க. பழி வியாதி மேல விழாம ஊசி மேல விழுந்துடுது. எங்க தொழில்ல, கடன் வாங்கினவன் ஓடிப் போனதுக்கு நோட்டீஸ் கொண்டு போன ப்யூனைத் திட்டற மாதிரி.

அந்த நீர் இல்லாம டாக்டருக்கு என்ன தெரியும்? தெரியாது. காய்ச்சல், தலைவலி, குழப்பம், இது வைரஸ்லயும் வரும், பாக்டீரியாவுலயும் வரும், நம்ம நாட்டுல காசநோய்க் கிருமியாலயும் வரும். காசநோய் மெனிஞ்சைட்டிஸ் பெரும்பாலும் வாரக்கணக்குல மெதுவா ஏறும், வைத்தியம் ஏறக்குறைய ஒரு வருஷம். பாக்டீரியா ஒரு நாள்ல ஆளைச் சாய்க்கும், வைத்தியம் ஒன்னுலேர்ந்து மூணு வாரம். தமிழ்ல மூளைக்காய்ச்சல், இந்தியில திமாகீ புகார். ரெண்டு பாஷையிலயும் எல்லாத்துக்கும் ஒரே பேரு. பேரு ஒன்னா இருக்கறதால மருந்தும் ஒன்னுன்னு ஆயிடுமா? நீர்ல வெள்ளை அணு எத்தனை, எந்த வகை, புரதம் எவ்வளவு, சர்க்கரை எவ்வளவுன்னு பாக்கறாங்க. அந்தச் சர்க்கரையை அதே நேரத்துல எடுத்த ரத்தச் சர்க்கரையோட ஒத்துப் பாக்கறாங்க. சாதாரணமா மூணுல ரெண்டு பங்கு இருக்கும், பாக்டீரியா வந்தா நாற்பது சதவீதத்துக்கும் கீழ இறங்கிடும். ரெண்டு லெட்ஜரை டேலி பண்ற வேலைதான். இதைப் பண்ண விடமாட்டேன்னா, கணக்கே காட்டாம கடன் கேக்கற மாதிரி.

மருந்துக் கடைக்காரர் கொடுத்த அந்த மூணு நாள் மாத்திரை இருக்கே, அதைப் பத்தியும் ஒரு வார்த்தை. மூளையைச் சுத்தி இருக்கற திரையைத் தாண்டி உள்ள போக நரம்பு வழியா பெரிய டோஸ் வேணும். செப்ட்ரியாக்ஸோன்னா 12 மணிக்கு ஒருக்கா 2 கிராம். வாயால சாப்பிடற மாத்திரை கிருமியைக் கொல்லாது. ஆனா லேப்ல அது வளராம மறைச்சுடும். திருடன் வீட்டுலதான் இருக்கான், கைரேகை மட்டும் அழிஞ்சு போச்சு. 2013-லேயே அட்டவணை எச்-1-னு ஒரு விதி போட்டு, மூணாம் தலைமுறை செபலோஸ்போரின் மாதிரி ஆன்டிபயாடிக்குகளைச் சீட்டு இல்லாம விக்கக் கூடாது, தனி ரிஜிஸ்டர் வைக்கணும்னு மத்திய அரசு சொல்லியாச்சு. எங்க கிளையில ஒரு ரிஜிஸ்டர்ல ஒரு இனிஷியல் விட்டுப் போனா இன்ஸ்பெக்‌ஷன்ல கிழிச்சுடுவாங்க. மருந்துக் கடை ரிஜிஸ்டரை யார் கிழிக்கறாங்க?

சரி, நம்மளை மட்டுமே திட்டினா நியாயம் இல்லை. ஆஸ்பத்திரிங்க பக்கம் வருவோம்.

முதல் குத்தம், ஸ்கேன் மோகம். ராத்திரி வந்த நோயாளியை சி.டி. ஸ்கேனுக்கு வரிசையில படுக்க வச்சு, ரிப்போர்ட் வர்ற வரைக்கும் மருந்தும் போடாம, ஊசியும் போடாம காத்திருக்கறது. எல்லாருக்கும் முதல்ல ஸ்கேன் தேவையே இல்லை. வலிப்பு வந்தவங்க, ஒரு பக்கம் கை கால் வராதவங்க, கண்ணுக்குள்ள நரம்பு வீங்கினவங்க, எதிர்ப்பு சக்தி குறைஞ்சவங்க, நினைவு ரொம்பத் தப்பினவங்க, இப்படிச் சிலருக்குத்தான். அவங்களுக்கும் கூட வரிசை என்னன்னா, ரத்தக் கல்ச்சர் எடு, மருந்தைப் போடு, அப்புறம் ஸ்கேனுக்குத் தள்ளிட்டுப் போ. 2004-ல வந்த அமெரிக்க வழிகாட்டியிலேர்ந்து இது எழுத்துல இருக்கு. மருந்து போட்டு சில மணி நேரத்துல கிருமி லேப்ல வளராமப் போகலாம். ஆனா அணுக்கணக்கும் சர்க்கரையும் அவ்வளவு சீக்கிரம் மாறாது, அதனால பெருசா எதுவும் தொலைஞ்சுடாது.

ஸ்வீடன்காரங்க 2009-ல இன்னும் ஒரு படி மேல போய், நினைவு தப்பியிருக்கார்ங்கறதுக்காக மட்டும் ஸ்கேனுக்குக் காத்திருக்க வேணாம்னு வழிகாட்டியை மாத்தினாங்க. 2015-ல கணக்கை வெளியிட்டாங்க. மருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்கு மேல முந்தி ஆரம்பிச்சிருக்கு. சாவு 11.7 சதவீதத்துலேர்ந்து 6.9 ஆச்சு. ஒவ்வொரு மணி நேரத் தாமதத்துக்கும் சாவு விகிதம் 12.6 சதவீதம் ஏறுதுன்னும் அதே ஆய்வுல இருக்கு. கூட்டு வட்டி போடத் தெரிஞ்சவங்க இந்த 12.6-ஐ ஒன்றரை நாள் ரயிலுக்குப் போட்டுப் பாருங்க. நான் போட்டேன். அன்னிக்கு ராத்திரி தூங்கலை. (ஆய்வு முதல் சில மணி நேரத்தைப் பத்தினது, அப்படியே நீட்டக் கூடாதுன்னு எனக்கும் தெரியும். இருந்தாலும் போட்டேன்.)

ரெண்டாவது, முன்பணம். 1989-ல பரமானந்த் கட்டாரா வழக்குல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு, அரசோ தனியாரோ, உயிரைக் காப்பாத்தறது ஒவ்வொரு டாக்டரோட கடமைன்னு. ராஜஸ்தான் சட்டசபை 2023-ல சுகாதார உரிமைச் சட்டமே நிறைவேத்துச்சு, முன்பணம் இல்லாம அவசர சிகிச்சைன்னு. தனியார் டாக்டர்கள் தெருவுல இறங்கி எதிர்த்தாங்க. அரசாங்கம் பணம் எப்ப தரும், எப்படித் தரும்னு அவங்க கேட்டதுல நியாயம் இல்லாம இல்லை. வராத பாக்கியோட கஷ்டம் எனக்குத் தெரியாததா? ஆனா முதல் டோஸ் மருந்து ஐ.சி.யூ. இல்லை, வென்டிலேட்டர் இல்லை. செப்ட்ரியாக்ஸோனும் டெக்ஸாமெதசோனும் சல்லிசு விலை, எந்த எமர்ஜென்சி அலமாரியிலயும் கிடக்கும். அதைப் போட்டுட்டு பைல் திறங்களேன். இன்சூரன்ஸ் கம்பெனிங்க கேஷ்லெஸ் அனுமதியை ஒரு மணி நேரத்துக்குள்ள முடிவு பண்ணணும்னு காப்பீட்டு ஆணையம் 2024-ல உத்தரவு போட்டுச்சு. காகிதத்துக்கும் ஒரு மணி நேரம், உயிருக்கும் ஒரு மணி நேரம். காகிதம் முடிஞ்சப்புறம்தான் உயிர்னா கணக்கு எங்க உதைக்குதுன்னு பார்த்துக்கங்க.

டெக்ஸாமெதசோன்னு சொன்னேனே, அந்த ஸ்டீராய்டு கதை தனி. 2002-ல நெதர்லாந்துல யான் டி ஹான்ஸ், டீடெரிக் வான் டெ பேக் இவங்க 301 பேரை வச்சுப் பண்ணின ஆய்வு வெளிவந்துச்சு. ஆன்டிபயாடிக்குக்குக் கொஞ்சம் முன்னாடி இல்லைன்னா கூடவே, 10 மில்லிகிராம், ஆறு மணிக்கு ஒருக்கா, நாலு நாள். சாவு 15 சதவீதத்துலேர்ந்து 7 ஆச்சு. கிருமி சாகறப்ப கிளம்பற வீக்கம்தான் பாதி நாசம் பண்ணுது, அதை இது அமுக்குது. எல்லா ஊர்லயும் இதே பலன் வரலை. 2007-ல மலாவியில பண்ணின ஆய்வுல பலன் தெரியலை, அங்க எச்.ஐ.வி. அதிகம். இருந்தாலும் உலக சுகாதார நிறுவனம் 2025 ஏப்ரல்ல முதல் முறையா வெளியிட்ட விரிவான மெனிஞ்சைட்டிஸ் வழிகாட்டியிலயும், முதுகு நீர்ச் சோதனை வசதி இருக்கற இடத்துல முதல் ஆன்டிபயாடிக்கோட சேர்த்துக் கொடுன்னுதான் இருக்கு. "ஸ்டீராய்டா? ஐயையோ வேணாம் டாக்டர்"னு குறுக்க விழற மாமாக்கள் இதைக் கொஞ்சம் படிக்கட்டும்.

வயசானவங்க விஷயத்துல இன்னொரு மருந்து சேரணும், ஆம்பிசிலின். லிஸ்டீரியான்னு ஒரு கிருமி ஐம்பது தாண்டினவங்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும், எதிர்ப்பு சக்தி குறைஞ்சவங்களுக்கும் வரும். செப்ட்ரியாக்ஸோன் அதைத் தொடக்கூட தொடாது. டாக்டர்கிட்ட வயசையும், சர்க்கரை வியாதி, சிறுநீரக மாற்று, ஸ்டீராய்டு மாத்திரை, மண்ணீரல் எடுத்தது, பழைய தலைக்காயம், காதுல சீழ் எல்லாத்தையும் சொல்லுங்க. காதுல பஞ்சு வச்சிருந்த விஷயத்தை அன்னிக்கு ராத்திரி டாக்டர் தோண்டித் தோண்டிக் கேட்டப்புறம்தான் அந்தம்மா சொன்னாங்க. "அது எப்பவும் இருக்கறதுதானேண்ணே"ன்னாங்க.

பாஷை தெரியாம எப்படிச் சொல்றதுன்னு கேப்பீங்க. நாம பண்ற பெரிய தப்பு, "புகார் ஹை"ன்னு சொல்லிட்டு உக்காந்துடறது. காய்ச்சல்னா அவங்க டெங்கு வரிசையில உக்கார வச்சுடுவாங்க. கழுத்து வளையலைன்னா "கர்தன் அகட் கயீ ஹை". உளர்றார்னா "பஹ்கீ பஹ்கீ பாத்தேன் கர் ரஹே ஹைன்". வாந்தி "உல்டீ". முதுகு நீர்ச் சோதனையை அங்க "ரீட் கீ ஹட்டீ ஸே பானீ நிகால்னா"ன்னு சொல்வாங்க. அதைக் கேட்டவுடனே எலும்பை உடைக்கறாங்கன்னு அலறாதீங்க. தலையை ஆட்டிக் கையெழுத்துப் போடுங்க.

எப்ப சந்தேகப்படணும்? காய்ச்சல், கழுத்து விறைப்பு, புத்தி தடுமாற்றம், இந்த மூணும் சேர்ந்து வந்தாத்தான் மெனிஞ்சைட்டிஸ்னு ஒரு பாட்டு உண்டு. 2004-ல அதே நெதர்லாந்துல 696 கேஸைப் பார்த்தாங்க, மூணும் சேர்ந்து இருந்தது 44 சதவீதத்துலதான். ஆனா தலைவலியையும் சேர்த்து நாலுல எதாவது ரெண்டு 95 சதவீதத்துல இருந்துச்சு. ரெண்டு இருந்தா போதும், கிளம்புங்க. கழுத்து நல்லாத்தானே ஆடுதுன்னு உக்காந்துடாதீங்க. கூடவே உடம்புல ஊதா நிறப் புள்ளிகள், கண்ணாடி டம்ளரை வச்சு அழுத்தினாலும் மறையாததுன்னா, ஒரு நிமிஷம்கூட வேணாம். நம்ம நிறத்துக்கு அது சட்டுனு தெரியாது. உள்ளங்கை, பாதம், கண் இமைக்குள்ள பாருங்க.

அந்தப் புள்ளி வர்றது மெனிங்கோகாக்கஸ்ல. டெல்லியில 1966, 1985, 2005-னு பரவின கிருமி அதுதான். அது வந்தா வீட்டுல கூட இருக்கறவங்களும் டாக்டர் சொல்ற தடுப்பு மருந்தை உடனே எடுத்துக்கணும். நிமோகாக்கஸுக்கு அது தேவையில்லை, அதனால பக்கத்து வீட்டுக்காரங்க அவர் வீட்டுக்கு ஒரு மாசம் வராம இருந்தது வெறும் அசட்டுத்தனம். நிமோகாக்கஸ் தடுப்பூசி 2017-லேர்ந்து படிப்படியா, 2021-ல நாடு முழுக்க, குழந்தைகளுக்கு இலவசமாக் கிடைக்குது. பெரியவங்க காசு கொடுத்துத்தான் போட்டுக்கணும். மண்ணீரல் இல்லாதவங்களும் வயசானவங்களும் டாக்டரைக் கேட்டுப் போட்டுக்கங்க.

கடைசியா அந்த அண்ணன் விஷயம். நாலாம் நாள் தம்பி எழுந்து உக்காந்து காப்பி கேட்டதும், மறுபடி போன். "நல்லாயிட்டான்ல சார், இப்பக் கூட்டிட்டு வந்துரலாம்ல?" நிமோகாக்கஸுக்கு 10 நாள்லேர்ந்து 14 நாள் ஊசி. நடுவுல நிறுத்தினா மறுபடி முதல்லேர்ந்து. அந்த பீகார் டாக்டரே போனை வாங்கிப் பேசினார், அவர் இந்தியில, இவர் மதுரைத் தமிழ்ல. எனக்கு மொழிபெயர்ப்பு வேலை. அண்ணன் மசியலை. "டாக்டரு சின்னப்பயலா இருக்காரே சார்"ன்னார். அந்தம்மாதான் போனை வாங்கி, "இங்கயே இருக்கோம் அத்தான், நீங்க இங்க வாங்க"ன்னு வச்சுட்டாங்க. அவரும் ரயில் ஏறி வந்தார், மூட்டை நிறைய முறுக்கோட.

ஊருக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு வேலை பாக்கி இருக்கும். பிழைச்சவங்கள்ல ஏறக்குறைய அஞ்சுல ஒருத்தருக்கு நீண்ட நாள் பாதிப்பு நிக்கும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அதுல முக்கியமானது காது. உட்காதுல எலும்பு வளர்ந்து அடைச்சுக்கிட்டா அப்புறம் காக்லியர் கருவி வைக்கறதும் சிரமம். அதனால டிஸ்சார்ஜுக்கு முன்னாடி, முடியலைன்னா நாலு வாரத்துக்குள்ள கேட்கும் திறன் சோதனை பண்ணணும். பெரும்பாலான ஆஸ்பத்திரியில யாரும் அவங்களாச் சொல்றதில்லை. டிஸ்சார்ஜ் காகிதத்துல ஆடியோமெட்ரின்னு ஒரு வார்த்தை இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா பில் கட்டறதுக்கு முன்னாடி எழுதி வாங்கிக்கங்க.